சிறிய கல்லூரியில் ஆனர்ஸ் திட்டம்: முதல் பேச்சிலிருந்து முதல் ஆய்வேடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிறிய கல்லூரியில் ஆனர்ஸ் திட்டம் பற்றிய பேச்சு எழுந்ததும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: “எத்தனை மார்க் எடுத்தவர்களைச் சேர்க்கலாம்?” அந்தக் கேள்விக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. இந்த மாணவர்களோடு உட்கார்ந்து பேச எந்த ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? பணத்தைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். ஒரு துறைக்கு மூன்று நான்கு ஆசிரியர்களே இருக்கும் இடத்தில் அவர்களுடைய நேரத்தைப் புரட்ட முடியாது. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு யோசனையையும் அந்த நேரத்தை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு சொல் தெளிவு. இந்தியாவிலும் பிரிட்டனிலும் ‘ஆனர்ஸ்’ என்பது பட்டத்தின் பெயரிலேயே வரும். இங்கே நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. எல்லாத் துறைகளிலிருந்தும் ஒரு சிறு குழு மாணவர்களைச் சேர்த்து, அவர்கள் எடுக்கும் வழக்கமான பட்டத்துக்குள்ளேயே சிறு செமினார்கள் (சில பேர் மட்டும் உட்கார்ந்து விவாதிக்கும் வகுப்புகள்), ஆசிரியரோடு நெருங்கிச் செய்யும் வேலை, முடிவில் ஒரு ஆய்வேடு என்று தனிப் பாதை ஒன்றை அமைப்பதைத்தான் ஆனர்ஸ் திட்டம் என்கிறேன்.

இந்த ஏற்பாட்டை அமெரிக்காவில் பரவலாக்கியதே ஒரு சிறிய கல்லூரிதான். ஃபிராங்க் ஏடலாட், ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1921-இல் ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவரானார். அடுத்த ஆண்டே அங்கே ஆனர்ஸ் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் கடைசி இரண்டு ஆண்டுகளில் வழக்கமான வகுப்புகளுக்குப் பதிலாகச் சிறு செமினார்களில் படித்தார்கள். முடிவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கள் எழுத்திலும் வாய்மொழியிலும் அவர்களைச் சோதித்தார்கள். இந்த வெளித் தேர்வாளர் என்ற யோசனைக்கு ஆய்வேடு பற்றிப் பேசும்போது திரும்பி வருகிறேன். சிறிய கல்லூரிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

படி 1: முதல் மூன்று மாதம் கேட்பதற்கு

எதையும் எழுதும் முன் ஒவ்வொரு துறைத்தலைவரையும் தனியாகப் பாருங்கள். கூட்டத்தில் எல்லோரையும் சேர்த்து வைத்துக் கேட்டால் உண்மையான மறுப்புகள் வெளியே வராது. தனியாகப் பேசினால் வரும். பெரும்பாலும் மூன்று மறுப்புகள்தான்.

முதலாவது: “என் வகுப்பில் கேள்வி கேட்கிற நாலு பேரையும் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.” இது நியாயமான பயம். இதற்கான பதில் பாடத்திட்டத்திலேயே இருக்க வேண்டும். ஆனர்ஸ் மாணவர் தன் பட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் திட்டத்தில் படிக்கட்டும்; மீதி நான்கு பங்கும் எல்லோரோடும் சேர்ந்து அதே வகுப்பறையில்தான். அந்தத் துறை ஆசிரியரிடமே வந்து ஆய்வேடும் எழுதப்போகிறார் என்று சொல்லுங்கள். முகம் கொஞ்சம் தெளியும்.

இரண்டாவது: “ஏற்கெனவே வேலை முடியவில்லை, இன்னும் ஒன்றா?” இதற்கு வாயால் பதில் சொல்ல முயலாதீர்கள். அடுத்த படியில் வரும் கணக்கைத் தாளில் காட்டுங்கள்.

மூன்றாவது: “நம் கல்லூரியில் சிலரை மட்டும் தூக்கிப் பிடிப்பது சரியா?” மூன்றிலும் ஆழமானது இதுதான். இதைக் கேட்பவரைக் குழுவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, நடுவில் வருபவருக்கு எப்படிக் கதவு திறப்பது என்பதையெல்லாம் அவர் உங்களைவிடக் கவனமாகப் பார்ப்பார்.

மாணவர்களிடமும் பேசுங்கள். நூலகத்தில் பாடத்துக்கு வெளியே புத்தகம் எடுப்பவர்கள், வகுப்பு முடிந்தும் ஆசிரியரை விடாதவர்கள், முதல் ஆண்டு முடிந்ததும் வேறு கல்லூரிக்கு மாறிப் போனவர்கள். போனவர்களிடம் “இங்கே என்ன கிடைக்கவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதில்தான் உங்கள் திட்டம் எதற்கு என்பதன் முதல் வரி கிடைக்கும்.

படி 2: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

ஒரு ஆசிரியர் ஒரு செமஸ்டரில் ஒரு பாடம் எடுக்கும் வேலையை ஒரு ‘அலகு’ என்று வைத்துக்கொள்வோம். ஓர் எடுத்துக்காட்டுக் கல்லூரி: 50 ஆசிரியர்கள், ஆண்டுக்கு ஆளுக்கு 6 பாடம், ஆக மொத்தம் 300 அலகு. நான்கு ஆண்டுப் பட்டம். ஆண்டுதோறும் 18 மாணவர்களை ஆனர்ஸ் திட்டத்தில் சேர்க்கிறார்கள். மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது 12 பேர் நிலைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பேர் விலகுவது இயல்பு.

திட்டம் முழு வளர்ச்சிக்கு வந்தபின் ஓராண்டுச் செலவு இப்படி இருக்கும். முதலாண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் செமஸ்டருக்கு ஒன்றாக 4 செமினார்கள்: 4 அலகு. மூன்றாம் ஆண்டில் ஆய்வுத் திட்டம் எழுதக் கற்றுத்தரும் பாடம்: 1 அலகு. 12 ஆய்வேடுகள், நான்குக்கு ஒரு அலகு என்று வைத்தால் 3. ஆளுக்கு இரண்டாக 24 ஒப்பந்தப் பாடங்கள் (இது என்னவென்று படி 3-இல் சொல்கிறேன்), எட்டுக்கு ஒரு அலகு என்றால் 3. ஒருங்கிணைப்பாளருக்குப் பாதிப் பணிச்சுமைக் குறைப்பு: 3. மொத்தம் 14 அலகு. கல்லூரியின் 300 அலகில் இது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு.

அதிலும் ஒரு பகுதி திரும்பி வரும். ஆனர்ஸ் செமினார், எல்லோரும் கட்டாயம் எடுக்கும் ஒரு பொதுப் பாடத்துக்கு ஈடாக இருந்தால், அந்த 18 பேரும் அங்கே இடத்தைக் காலி செய்கிறார்கள். அதனால் அந்தப் பொதுப் பாடத்தில் ஒரு பிரிவு குறையலாம். இதைச் செய்யாமல், ஏற்கெனவே உள்ள பாடங்களுக்கு மேலே கூடுதல் சுமையாக ஆனர்ஸை வைத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். கல்லூரிக்கு அலகு மிச்சமாகாது. மாணவரும், குறிப்பாக பகுதி நேர வேலைக்குப் போகிறவர், இரண்டாவது செமஸ்டரிலேயே விட்டுவிடுவார்.

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போங்கள். அங்கே எழுத்தில் வாங்க வேண்டியது முக்கியமாக ஒன்று: ஆய்வேடு வழிகாட்டும் வேலை ஆசிரியரின் பணிச்சுமையில் எண்ணப்படும் என்ற உறுதி. ஒரே ஆண்டில் ஒருவருக்கு நான்கு ஆய்வேடு வராது. அதனால் எண்ணிக்கை அவர் பெயரில் சேர்ந்துகொண்டே வரட்டும். நான்கு சேர்ந்ததும் ஒரு செமஸ்டரில் ஒரு பாடம் குறையட்டும். இந்த உறுதி இல்லாமல் தொடங்கினால் முதல் இரண்டு ஆண்டு ஆர்வத்தில் ஓடும். மூன்றாம் ஆண்டில், முதல் குழு ஆய்வேடு எழுத நெருங்கும்போது, ஒவ்வொருவராக “இந்த வருடம் மட்டும் என்னை விட்டுவிடுங்கள்” என்பார்கள். அவர்கள் மேல் தவறு சொல்ல முடியாது.

படி 3: பாடத்திட்டம்

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் 1966-இல் உருவான தேசியக் கல்லூரி ஆனர்ஸ் மன்றம், முழுமையாக வளர்ந்த ஒரு திட்டத்தின் அடிப்படைப் பண்புகளை 1994-இல் தொகுத்தது. மாணவரின் மொத்தப் படிப்பில் 20 முதல் 25 சதவீதம் ஆனர்ஸாக இருப்பது வழக்கம், 15 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றது அது. 120 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் புள்ளி) கொண்ட பட்டத்தில் 20 சதவீதம் என்றால் 24 கிரெடிட். சிறிய கல்லூரிக்கு அந்த 24 போதும். மேலே சொன்ன கணக்கும் அதையே நான்கு ஆறுகளாகப் பிரித்ததுதான்: முதலாண்டு செமினார் 6, இரண்டாம் ஆண்டு செமினார் 6, ஒப்பந்தப் பாடங்கள் 6, ஆய்வுத் திட்டமும் ஆய்வேடும் சேர்ந்து 6. உங்கள் பட்டம் மூன்று ஆண்டு என்றால் இரண்டாம் ஆண்டு செமினாரில் ஒன்றைக் குறைத்து, ஆய்வுத் திட்டப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் கடைசிக்குக் கொண்டுவாருங்கள்.

*செமினார்.* இதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. பதினைந்து பேர் நல்ல அளவு, இருபதைத் தாண்ட வேண்டாம். ஒரு துறையின் அறிமுகப் பாடத்தை வேகமாக நடத்துவதை ஆனர்ஸ் செமினார் என்று சொல்லாதீர்கள். பசி, தண்ணீர், பொய், வேலை, அளவீடு என்பது போல எந்த ஒரு துறையாலும் தனியாகப் பிடிக்க முடியாத ஒரு பொருளை எடுங்கள். ‘அளவீடு’ என்று எடுத்தால் ஒரு வாரம் மீட்டரின் வரலாறு, அடுத்த வாரம் வறுமைக் கோட்டை எப்படி வரைகிறார்கள், அப்புறம் வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்லும் மருத்துவர், பிறகு தேர்வு மதிப்பெண். இயற்பியல் மாணவரும் சமூகவியல் மாணவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் விளக்க வேண்டி வரும். அது நடக்கத்தான் செமினார்.

இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து எடுத்தால் மிக நன்றாக இருக்கும். ஆனால் இரட்டைச் செலவு. சிறிய கல்லூரிக்கு என் பரிந்துரை: ஒருவர் பொறுப்பாளராக முழுச் செமஸ்டரும் இருக்கட்டும், வேறு துறையிலிருந்து மூவர் ஆளுக்கு இரண்டு வகுப்புக்கு வரட்டும். வருபவர் விரிவுரை நடத்திவிட்டுப் போகக் கூடாது. ஒரு வாரம் முன்பே படிக்கக் கொடுத்துவிட்டு, வகுப்பில் கேள்விகளுக்கு மட்டும் வர வேண்டும்.

செலவே இல்லாத ஒரு முறையையும் சொல்லிவிடுகிறேன். ‘நகரமே பாடநூல்’ என்று அழைக்கப்படும் இதை வளர்த்தெடுத்தவர் அமெரிக்காவின் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் பெர்னிஸ் பிரெய்ட். மாணவர்கள் மூன்று நான்கு பேராக ஒரு பகுதிக்குள் நடந்து போவார்கள். அந்த இடத்தை வரைபடமாக்குவது, கவனிப்பது, அங்கிருப்பவர்கள் சொல்வதைக் கேட்பது, திரும்பி வந்து யோசித்து எழுதுவது என நான்கு வேலைகள். கட்டடங்கள் எப்படி இருக்கின்றன, யார் எங்கே உட்காருகிறார்கள், எந்த நேரத்தில் யார் காணாமல் போகிறார்கள், எந்தக் கதவு எப்போதும் மூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். முதலாண்டு செமினாரின் இரண்டாவது வாரத்தில் இதை வைத்துப் பாருங்கள். பள்ளியிலிருந்து வந்த மாணவர், பதில் ஏற்கெனவே எங்கேயோ அச்சாகியிருக்கிறது என்ற பழக்கத்திலேயே இருப்பார். தான் பார்த்ததைத் தானே விளக்க வேண்டிய நிலை அன்றுதான் அவருக்கு முதன்முதலாக வரும்.

*ஒப்பந்தப் பாடம்.* சிறிய கல்லூரியில் ஒவ்வொரு துறைக்கும் தனி ஆனர்ஸ் வகுப்பு திறக்க முடியாது. ஆறு பேருக்காக ஒரு பிரிவு நடத்த எந்த முதல்வரும் ஒப்பமாட்டார். அதற்கு மாற்று இது. மாணவர் தன் துறையின் வழக்கமான வகுப்பிலேயே இருப்பார். ஆசிரியரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு அதற்குள் ஆழமான ஒரு வேலையைச் செய்வார், அந்தப் பாடம் ஆனர்ஸ் கணக்கில் சேரும்.

திட்டங்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். ஒப்பந்தப் படிவத்தில் “கூடுதலாக ஒரு பத்துப் பக்கக் கட்டுரை” என்று எழுதிக் கையெழுத்தாகி வந்துவிடும். நான் இந்தப் படிவங்களைப் படிக்கத் தொடங்கிய காலத்தில் அப்படிப்பட்டவற்றை அனுமதித்துவிட்டேன். செமஸ்டர் கடைசி வாரத்தில் வந்த கட்டுரைகளைப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது. எழுதியவருக்கும் ஆர்வமில்லை, படித்தவருக்கும் நேரமில்லை. அதன்பிறகு, வேலை கூடுகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வேலையின் தன்மை மாறுகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

தன்மை மாறுவது என்றால் இப்படி. புள்ளியியல் வகுப்பில் ஒரு மாணவர், பாடநூலின் சுத்தமான எண்களுக்குப் பதிலாகக் கல்லூரி நூலகத்தின் ஐந்தாண்டு இரவல் பதிவை வாங்கி, அதிலுள்ள பிழைகளைத் திருத்தி, எந்தப் புத்தகங்கள் ஏன் தூங்குகின்றன என்று நூலகரிடம் அறிக்கை கொடுக்கிறார். வேதியியலில் ஒருவர், எல்லோரும் செய்யும் அதே சோதனையை மூன்று விதமாகத் திரும்பச் செய்து பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறார். அவர் கண்டுபிடித்தது அடுத்த ஆண்டு ஆய்வகக் கையேட்டில் ஒரு பக்கமாகச் சேர்கிறது. வரலாற்றில் ஒருவர், ஓய்வுபெற்ற கல்லூரி ஊழியர்களிடம் பேட்டி எடுத்துப் பதிவு செய்து நூலகத்திடம் கொடுக்கிறார். மூன்றிலும் ஆசிரியரைத் தவிர இன்னொருவர் அந்த வேலையை வாங்கிக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

நடைமுறை: ஒப்பந்தம் செமஸ்டரின் மூன்றாவது வாரத்துக்குள் கையெழுத்தாக வேண்டும். என்ன கேள்வி, என்ன செய்வார், யாரிடம் கொடுப்பார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எந்த நாளில் எந்த நேரத்தில் சந்திப்பு என நான்கும் படிவத்தில் இருக்கட்டும். ஒரு ஆசிரியருக்கு ஒரு செமஸ்டரில் இரண்டு ஒப்பந்தங்களுக்கு மேல் வேண்டாம். மாணவர் முழு ஆனர்ஸையும் ஒப்பந்தங்களாலேயே நிரப்பிவிட அனுமதிக்காதீர்கள். தனித்தனியாக நடக்கும் வேலைகள் எத்தனை சேர்ந்தாலும் ஒரு குழு உருவாகாது.

*ஆய்வேடு.* மூன்றாம் ஆண்டின் இரண்டாவது செமஸ்டரில் ஆய்வுத் திட்டப் பாடம். அதில் எல்லாத் துறை மாணவர்களும் ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் கேள்வியைச் சுருக்கிச் சுருக்கி, ஓராண்டில் முடிக்கக் கூடிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மாணவர் கொண்டுவரும் முதல் கேள்வி எப்போதும் ஒரு வாழ்நாள் வேலையாக இருக்கும். ‘சமூக ஊடகமும் இளைஞர்களும்’ என்று வருபவர், ‘நம் கல்லூரி முதலாண்டு மாணவர்கள் தேர்வு வாரத்தில் கைப்பேசிப் பழக்கத்தை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள்’ என்று வெளியே போனால் பாடம் வெற்றி. மனிதர்களிடம் பேட்டியோ கணக்கெடுப்போ எடுக்கிறவர்களுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்தையும் இந்தப் பாடத்திலேயே எழுதி முடித்துவிடுங்கள். இறுதியாண்டில் அனுமதிக்காகக் காத்திருந்து மாதங்களைத் தொலைக்கக் கூடாது.

ஆய்வேடு என்றால் நூறு பக்க எழுத்து மட்டும் அல்ல. இசை மாணவருக்கு ஒரு கச்சேரியும் அதைப் பற்றிய குறிப்பும், கணினி மாணவருக்கு இயங்கும் ஒரு மென்பொருளும் அதன் விளக்கமும் ஆய்வேடுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் வாய்மொழித் தேர்வு கட்டாயம்.

அந்தத் தேர்வுக்குத்தான் ஸ்வார்த்மோரின் யோசனை. தேர்வாளர் வெளியிலிருந்து வந்தால் வழிகாட்டும் ஆசிரியரின் நிலையே மாறிவிடுகிறது. மார்க் போடப்போகிறவராக இருந்தவர் மாணவரின் பக்கம் வந்து உட்காருகிறார். இருவரும் சேர்ந்து மூன்றாவது ஒருவரின் கேள்விக்குத் தயாராகிறார்கள். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த சிறிய கல்லூரியில் இந்த மாற்றம் விலைமதிப்பில்லாதது. இதற்காக யாரையும் விமானத்தில் வரவழைக்க வேண்டாம். வேறு கல்லூரியில் இருக்கும் ஒருவர் ஆய்வேட்டை முன்கூட்டியே படித்துவிட்டு வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் பேசினால் போதும். இரண்டு சிறிய கல்லூரிகள் கூட்டு வைத்துக்கொண்டு, நீங்கள் எங்கள் மாணவர்களைக் கேளுங்கள், நாங்கள் உங்கள் மாணவர்களைக் கேட்கிறோம் என்று மாற்றிக்கொண்டால் செலவும் இல்லை.

படி 4: யார் பொறுப்பு

ஒரு ஒருங்கிணைப்பாளர், அவருக்கு ஐந்து ஆசிரியர்களும் இரண்டு மாணவர்களும் கொண்ட ஒரு குழு. ஆசிரியர்கள் வெவ்வேறு புலங்களிலிருந்து வரட்டும், மூன்றாண்டுக் காலம் போதும். ஒருங்கிணைப்பாளர் எந்த ஒரு துறைத்தலைவருக்கும் கீழே இல்லாமல், கல்வி விவகாரங்களைப் பார்க்கும் முதல்வருக்கோ டீனுக்கோ நேரடியாகப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் திட்டம் அந்தத் துறையின் சொத்தாகிவிடும்.

அவரைத் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரியிலேயே அதிகம் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டவரைத் தேடாதீர்கள். மற்றத் துறைக்காரர்கள் கூப்பிட்டால் வரும் ஒருவரைத் தேடுங்கள். உதவி கேட்பதுதான் இந்த வேலையில் பாதி.

படி 5: மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது

சரி, இப்போது மார்க் கேள்விக்கு வரலாம். மதிப்பெண் ஒரு தகவல், அவ்வளவுதான். நல்ல பள்ளியும் அமைதியான வீடும் கிடைத்தவர் யார் என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கோடு கிழித்தால், தவறு செய்யப் பயப்படும் மாணவர்கள்தான் அதிகம் வருவார்கள். அவர்கள் மோசமான மாணவர்கள் அல்ல. ஆனால் பதில் தெரியாத கேள்வியோடு ஒரு வருடம் உட்காருவது அவர்களுக்குப் பெரிய வேதனை.

நான் சொல்லும் முறை இது. தாழ்வான ஒரு மதிப்பெண் வரம்பு வையுங்கள். அதைத் தாண்டிய எல்லோருக்கும் தனிப்பட்ட கடிதம் போகட்டும். பொது அறிவிப்பை மட்டும் ஒட்டினால், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர் “இது எனக்கில்லை” என்று தாண்டிப் போய்விடுவார். பெயர் சொல்லி வரும் கடிதத்தை அப்படித் தாண்டிப் போகமாட்டார். விண்ணப்பத்தில் ஒரே ஒரு சிறு கட்டுரை கேளுங்கள். “உங்கள் சாதனைகள்” வேண்டாம். “சமீபத்தில் எந்த விஷயத்தில் உங்கள் கருத்தை மாற்றிக்கொண்டீர்கள், ஏன்?” அல்லது “யாரும் கேட்காமலேயே நீங்களாகக் கற்றுக்கொண்ட ஒன்று” போதும். இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் மதிப்பை ஒருவர் பார்க்காமல் படிக்கட்டும். அப்புறம் ஐந்தைந்து பேராக உட்கார வைத்து, ஒரு பக்கக் கட்டுரையைக் கொடுத்து, அரை மணி நேரம் பேசவிடுங்கள். யார் அதிகம் பேசுகிறார் என்பது முக்கியமில்லை. மற்றவர் சொன்னதை எடுத்து அடுத்த அடி நகர்த்துபவர் யார் என்று பாருங்கள்.

இரண்டாவது கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். பதினெட்டில் பன்னிரண்டு இடங்களை அட்மிஷனின்போது நிரப்புங்கள். ஆறு இடங்களை முதல் செமஸ்டர் முடிந்தபின் ஆசிரியர்கள் பரிந்துரைக்கும் மாணவர்களுக்கு வையுங்கள். அப்படி நடுவில் வருபவர், தவறவிட்ட ஒரு முதலாண்டு செமினாரை ஓர் ஒப்பந்தப் பாடத்தால் ஈடுகட்டலாம். துறைத்தலைவர்களுக்குத் திட்டத்தில் சொந்தம் வருவதும் இந்தக் கதவால்தான், “நான் அனுப்பிய பெண் எப்படிப் படிக்கிறாள்?” என்று அவர்களே கேட்பார்கள்.

திட்டத்தில் தொடர ஒரு குறைந்தபட்ச ஜிபிஏ (எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த சராசரித் தரப்புள்ளி) இருப்பது வழக்கம். அதை முதலாண்டில் தளர்த்தி வையுங்கள். கீழே இறங்கினால் உடனே நீக்காமல் இரண்டு செமஸ்டர் அவகாசம் கொடுங்கள். சேர விரும்பும் மாணவர் மனதில் இருக்கும் பெரிய பயம், ஆனர்ஸ் வகுப்பில் கடுமையாக மார்க் போட்டுத் தன் சராசரி விழுந்துவிடும் என்பது. “செமினாரில் யாரும் யாரோடும் ஒப்பிடப்படமாட்டார்கள்; இத்தனை பேருக்குத்தான் முதல் தரம் என்ற எல்லையும் இல்லை” என்று எழுத்தில் சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். ஆய்வேடு எழுத முடியாமல் போகிறவருக்கு, இரண்டு ஆண்டு செமினார்களை முடித்ததற்கு ஒரு சான்று இருக்கட்டும். தோற்றுப்போன உணர்வோடு யாரும் வெளியேற வேண்டாம்.

படி 6: ஒப்புதலும் முதல் ஆண்டும்

பாடத்திட்டக் குழு, கல்விக்குழு ஒப்புதல்களுக்குக் குறைந்தது ஒரு செமஸ்டர் ஒதுக்குங்கள். தாளில் கேட்பதைச் சுருக்கமாக வையுங்கள்: நோக்கம், பாடங்கள், எந்தப் பொதுப் பாடத்துக்கு எது ஈடு, அலகுக் கணக்கு, சேர்க்கை விதி, பட்டச் சான்றிதழில் என்ன அச்சாகும். கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டு நான்காம் ஆண்டில் திண்டாடும் திட்டங்கள் உண்டு. தேர்வுப் பிரிவிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கல்லூரி தயங்கினால் முதலாண்டு செமினாரை மட்டும் ஓராண்டு முன்னோட்டமாக நடத்தக் கேளுங்கள். ஆனால் பின்தொடரும் ஆண்டுகளுக்கான பாடங்களும் அதே தாளில் ஒப்புதலாக வேண்டும். நடுவழியில் நிற்கும் முன்னோட்டத்தில் மாணவரைச் சேர்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சலுகைகளில் எதற்கு ஆசைப்படலாம்? உதவித்தொகை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் செலவில்லாத இரண்டைக் கேளுங்கள். பாடப் பதிவில் முன்னுரிமை ஒன்று. ஆனர்ஸ் செமினார்கள் மற்றப் பாடங்களோடு மோதாமல் இருக்க அது தேவையும்கூட. இன்னொன்று ஓர் அறை. ஒரு நீள மேசை, ஒரு வெள்ளைப் பலகை, மாலையிலும் திறந்திருக்கும் கதவு. வெவ்வேறு துறையினர் ஒருவரையொருவர் காரணமின்றிச் சந்திக்க ஓர் இடம் வேண்டும். அந்த அறைக்கு ஆனர்ஸ் அல்லாத நண்பர்கள் வரவும் தடை இருக்கக் கூடாது. செமினாருக்கு வரும் வெளிப் பேச்சாளரின் உரையையும் மொத்தக் கல்லூரிக்கும் திறந்து வையுங்கள். படி 1-இல் மூன்றாவது மறுப்பைச் சொன்னவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பதில் இதில் இருக்கிறது.

முதல் குழுவிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: நீங்கள்தான் முதல் ஆட்கள், சில விஷயங்கள் சரியாக வராது, வராதபோது எங்களிடம் சொல்லுங்கள். ஆறாவது வாரத்தில் பெயரில்லாமல் ஒரு பக்கம் எழுதி வாங்கி, அதில் சொன்ன ஒன்றையாவது அந்தச் செமஸ்டரிலேயே மாற்றிக் காட்டுங்கள்.

படி 7: வேலை செய்கிறதா என்று பார்ப்பது

ஆனர்ஸ் மாணவர்களின் சராசரி மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகம் என்று அறிக்கை எழுதாதீர்கள். அவர்கள் உள்ளே வரும்போதே அப்படித்தான் வந்தார்கள். ஒப்பிட வேண்டுமானால், அதே சேர்க்கை மதிப்பெண் இருந்தும் திட்டத்தில் சேராதவர்களோடு ஒப்பிடுங்கள். அங்கேயும் ஆர்வம் உள்ளவர்கள்தான் விண்ணப்பித்தார்கள் என்ற வேறுபாடு இருக்கும். அதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

இதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் முதல் செமினாரில் எழுதிய கட்டுரை ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். நான்காம் ஆண்டில் ஆய்வேட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, இரண்டையும் பெயரில்லாமல், அந்த மாணவருக்குப் பாடம் எடுக்காத இருவரிடம் கொடுங்கள். கேள்வி எவ்வளவு கூர்மை, ஆதாரத்தை எப்படிக் கையாள்கிறார், எதிர்க்கருத்துக்கு இடம் கொடுக்கிறாரா என்று மூன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

விலகியவர்களின் பட்டியல் ஒன்றும் வேண்டும். எந்தச் செமஸ்டரில், எந்தத் துறையிலிருந்து, என்ன காரணம். இதை ஒருங்கிணைப்பாளர் நேரில் பேசித் தெரிந்துகொள்ள வேண்டும், படிவம் போதாது. வெளியேறுபவர்களில் பலர் ஒரே துறை என்றால் அந்தத் துறையின் கால அட்டவணையைப் பாருங்கள். பகுதி நேர வேலைக்குப் போகிறவர்கள் என்றால் செமினார் நேரத்தை மாற்றுங்கள். முதல் முழுக் குழு படிப்பை முடித்துப் போன பின், ஐந்தாம் ஆண்டில், வெளியிலிருந்து ஒருவரை அழைத்து இரண்டு நாள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 8: அடுத்தவர் கைக்கு

சிறிய கல்லூரித் திட்டங்கள் பல, தொடங்கியவர் ஓய்வு பெற்றதும் படுத்துவிடுகின்றன. அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு சேரட்டும்: ஒப்புதல் தாள்கள், ஒவ்வொரு செமினாரின் பாட அட்டவணை, நல்ல ஒப்பந்தங்களின் நகல்கள், யார் எத்தனை ஆய்வேட்டுக்கு வழிகாட்டினார் என்ற கணக்கு, வெளித் தேர்வாளர்களின் பட்டியல், மாணவர் சொன்ன குறைகளும் அதற்குச் செய்த மாற்றங்களும். அடுத்த ஒருங்கிணைப்பாளர் பொறுப்பேற்பதற்கு ஓராண்டு முன்பே குழுவுக்குள் வந்து, ஒரு சேர்க்கைச் சுற்றையாவது கூடவே இருந்து பார்க்கட்டும்.

ஆய்வேடுகளை நூலகத்தில் தனி அலமாரியில் வையுங்கள், பட்டியலிலும் ஏற்றுங்கள். அடுத்த முதலாண்டு செமினாரின் முதல் வாரத்தில், கட்டுரையோ பாடநூலோ கொடுக்காமல் அந்த அலமாரியிலிருந்து ஓர் ஆய்வேட்டை எடுத்துப் படிக்கக் கொடுங்கள். எழுதியவரையே ஒரு மணி நேரம் வரச் சொல்லி, புது மாணவர்களைக் கேள்வி கேட்கவிடுங்கள். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டார், எந்த மாதத்தில் கைவிட நினைத்தார், கேள்வியை எத்தனை முறை மாற்றினார் என்று அவரே சொல்லட்டும்.